பொருள்கள் பேசும் வகுப்பறை

தாய்மொழியை நாம் எவ்வாறு கற்றோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? இலக்கண நூலைப் புரட்டித் தாய்மொழி கற்றவர் உலகில் எவருமிலர். பால் நிறைந்த கிண்ணத்தைக் கண்டு 'பால்' என்றோம். எரியும் விளக்கைச் சுட்டி 'சுடும்' என்றோம். தாத்தாவின் கைத்தடியைத் தொட்டுப் பார்த்து அதன் பெயரை அறிந்தோம். பொருள் முன்னே வந்தது. சொல் அதன் கைப்பிடித்துப் பின்னே வந்தது. இலக்கணமோ பல்லாண்டுகள் கழித்துப் பள்ளிக்கூடத்தில்தான் வந்தது.

ஆனால், பிறமொழி ஒன்றைப் பள்ளியில் கற்பிக்கும்போது நாம் இவ்வரிசையைத் தலைகீழாக்கி விடுகிறோம். முதலில் எழுத்துப் பட்டியல், அடுத்துச் சொற்பட்டியல், பிறகு வாய்பாடு. பொருள் மட்டும் வகுப்பறைக்குள் வருவதேயில்லை. பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்றனர், தேர்வு எழுதுகின்றனர், மறந்தும் விடுகின்றனர்.

இக்குறையை நீக்கும் முயற்சி ஒன்று ஆஸ்திரேலிய நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்து வருகின்றது. அங்கே ஜப்பானிய மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர் பலர், ஜப்பானியர் நாள்தோறும் கையாளும் எளிய பொருள்களைக் கொண்டே மொழியைக் கற்பிக்கின்றனர். ஒரு சதுரத் துணி, ஒரு சோற்றுப் பெட்டி, ஒரு பித்தளைக் காசு, தரை துடைக்கும் கந்தை - இவைதாம் அவர்களது கருவிகள். இவற்றில் மொழி எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். அதனைக் காண்போம்.

பகைவர் மொழி பாடமொழியான கதை

ஆஸ்திரேலியாவில் ஜப்பானிய மொழிப் பாடம் புதியதன்று. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மர்டோக் என்னும் அறிஞர் 1917-ஆம் ஆண்டிலேயே அதனைக் கற்பிக்கத் தொடங்கினார். எனினும், இரண்டாம் உலகப் போரில் அம்மொழி பகைவரின் மொழியாயிற்று. 1942 பெப்ருவரி 19 அன்று ஜப்பானிய விமானங்கள் டார்வின் நகரின் மீது குண்டு மாரி பொழிந்தன. 1944 ஆகஸ்டு 5 அன்று கௌரா என்னும் சிற்றூரில், ஜப்பானியப் போர்க்கைதிகள் முகாமைத் தகர்த்துத் தப்ப முயன்றனர். கைதிகளுள் இருநூற்றுக்கும் மேற்பட்டோரும், ஆஸ்திரேலியப் படைவீரர் நால்வரும் மாண்டனர்.

அப்போரின் வடு நம்மவர் குடும்பங்களிலும் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில்பாதைக்கு ஜப்பானியரால் கொண்டு செல்லப்பட்டு, அங்கேயே மடிந்த தமிழர் எண்ணிறந்தோர்.

அதே கௌரா நகரம் பின்னர் செய்தது யாது? இறந்த ஜப்பானியருக்குக் கல்லறைத் தோட்டம் அமைத்தது. 1970 முதல் கௌரா உயர்நிலைப் பள்ளி மாணவரும் தோக்கியோ நகரின் செய்க்கெய் பள்ளி மாணவரும் ஒருவர் நாட்டுக்கு ஒருவர் சென்று தங்கிப் பயிலும் வழக்கம் தொடங்கிற்று. 1979-இல் அங்கே ஒரு ஜப்பானியப் பூந்தோட்டமும் திறக்கப்பட்டது. 1987-இல் ஆஸ்திரேலியா வகுத்த தேசிய மொழிக் கொள்கை, பரவலாகக் கற்பிக்கத்தக்க மொழிகளுள் ஒன்றாக ஜப்பானிய மொழியை ஏற்றது.

ஜப்பான் நிறுவனம் 2021-இல் எடுத்த கணக்கின்படி, ஆஸ்திரேலியாவில் அம்மொழி கற்போர் ஏறத்தாழ 4,15,000 பேர். சீனா, இந்தோனேசியா, தென்கொரியா ஆகிய நாடுகளை அடுத்து உலகில் நான்காம் இடம் அந்நாட்டிற்கே. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். ஆனால், கட்டாயப் பாடமாக இருக்கும் தொடக்க ஆண்டுகள் முடிந்ததும் பெரும்பாலோர் அம்மொழியை விட்டு விடுகின்றனர். பள்ளி இறுதி வகுப்புவரை தொடர்வோர் மிகச் சிலரே. ஆகவே, முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் பிள்ளையின் மனத்தில் எது பதிகின்றதோ அதுவே பெரும்பாலோர்க்கு வாழ்நாள் முழுவதும் எஞ்சி நிற்கும். அது வெறும் எழுத்துப் பட்டியலா, அல்லது ஒரு மக்களினத்தைப் பற்றிய மதிப்பா என்பதே கேள்வி.

இது, உது, அது

ஒரு குடையிலிருந்து தொடங்குவோம். ஆசிரியர் குடையைத் தம் கையில் ஏந்தி, 'கொரே' என்கிறார். அதனை ஒரு மாணவனிடம் கொடுத்து, தாம் விலகி நின்று 'சொரே' என்கிறார். பின்னர் இருவருக்கும் எட்டாத சன்னலோரத்தில் அதனைச் சாய்த்து வைத்து 'அரே' என்கிறார். மூன்று குடைகளை வரிசையாக வைத்து 'தோரே' என்று கேட்கிறார். பேசுவோன் அருகிலிருப்பது கொரே. கேட்போன் அருகிலிருப்பது சொரே. இருவர்க்கும் தொலைவிலிருப்பது அரே. எது என்னும் வினா தோரே.

ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு இஃது எளிதன்று. அவனது மொழியில் அண்மைக்கு ஒரு சொல், சேய்மைக்கு ஒரு சொல் என இரண்டே உண்டு. கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் விளங்காத இவ்வேறுபாடு, குடை மூன்று முறை இடம் மாறியவுடன் விளங்கி விடுகின்றது.

தமிழருக்கோ இது பழைய சொத்து. இது, உது, அது, எது என்று நம் முன்னோர் வழங்கிய நான்கும் இவையே அல்லவா? தமிழகத்தில் நாம் 'உது' என்பதைத் துறந்து விட்டோம். ஈழத் தமிழர் இன்றும் அதனைப் பேச்சில் காத்து வருகின்றனர். ஜப்பானிய மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருவதும், வேற்றுமை உருபு போன்ற சொற்கள் பெயரின் பின்னே நிற்பதும் தமிழோடு ஒத்த இயல்புகளே.

சதுரத் துணியின் பாடம்

'ஃபுரோஷிகி' என்பது பொருள்களைப் பொதிந்து எடுத்துச் செல்லும் சதுரத் துணி. 'ஃபுரோ' என்றால் குளியல். 'ஷிகி' என்றால் விரிப்பு. பொதுக் குளியலிடங்களில் ஆடைகளை மூட்டையாகக் கட்டி வைக்கவும், விரித்து அதன்மீது நின்று உடுத்தவும் பயன்பட்டதால் இப்பெயர் பெற்றது. பிளாஸ்டிக் பைகள் பெருகிய காலத்தில் இது சற்றே மறைந்தது. 2006-இல் ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சராயிருந்த யுரிக்கோ கொய்க்கே, பைகளுக்கு மாற்றாக இத்துணியை மீண்டும் வழக்கிற்குக் கொணர முனைந்தார்.

வகுப்பறையில் இத்துணியில் ஒரு புத்தகத்தைப் பொதியச் சொல்கிறார் ஆசிரியர். விரி, வை, மடி, கட்டு என்னும் ஏவல் வினைகள் கைகளின் வழியே மனத்தில் இறங்குகின்றன. சொல்லைக் கேட்டு உடலால் செய்து காட்டும் மாணவன் அச்சொல்லை எளிதில் மறப்பதில்லை. ஜேம்ஸ் ஆஷர் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் இம்முறையை ஆராய்ந்தவர். அவரும் அவருடைய உடனாய்வாளரும் 1965-இல் வெளியிட்ட ஆய்வுகளுள் ஒன்று ஜப்பானிய மொழி கற்பதைப் பற்றியதே.

அடுத்து, பொதிந்ததை ஒருவர்க்கொருவர் கொடுக்க வேண்டும். இங்கேதான் அம்மொழியின் கடினமான பாடம் ஒன்று காத்திருக்கிறது. நான் பிறர்க்குக் கொடுப்பது 'அகேரு'. பிறர் எனக்குத் தருவது 'குரேரு'. பிறரிடமிருந்து நான் பெறுவது 'மொராவு'. கொடுக்கும் செயல் ஒன்றே. அது யாரை நோக்கிச் செல்கிறது என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகின்றது. பொதி கைமாறும்போதெல்லாம் சொல்லும் மாறுவதை மாணவன் கண்ணால் காண்கிறான்.

தமிழ் இலக்கணம் பயின்றோர் இங்குப் புன்னகை செய்வர். தருதல், வருதல் ஆகியவை தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. செல்லுதல், கொடுத்தல் ஆகியவை படர்க்கைக்கு உரியன என்று தொல்காப்பியர் வகுத்து வைத்தார். 'எனக்குத் தா, அவனுக்குக் கொடு' என்று நாம் அறியாமலே அவ்விதியைப் பின்பற்றி வருகிறோம்.

இரு கைகளாலும் பொதியை ஏந்தி, சற்றே தலை தாழ்த்தி, 'இஃது எளிய பொருள்தான்' என்னும் கருத்துப்படப் பேசிக் கொடுப்பது ஜப்பானியர் மரபு. பணிவு என்பது பாடநூலின் அடிக்குறிப்பாக நில்லாமல் பிள்ளையின் தோளிலும் கையிலும் வந்து அமர்கின்றது.

சோற்றுப் பெட்டியும் உணவுக் குச்சியும்

'பெந்தோ' எனப்படுவது மதிய உணவுப் பெட்டி. ஜப்பானின் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் பள்ளியே உணவளிக்கின்றது. அதற்கான சட்டம் 1954-இல் இயற்றப்பட்டது. எனினும் சுற்றுலா நாள்களிலும், மேல்நிலை வகுப்புகளிலும் வீட்டிலிருந்து கொண்டு வரும் பெந்தோவுக்குத் தனி இடமுண்டு. சோறு ஒரு பகுதி, மீனோ முட்டையோ ஒரு பகுதி, காய்கறி ஒரு பகுதி என அடக்கமாக அடுக்கப்பட்ட அப்பெட்டியைத் திறந்தால் நிறம், சுவை, எண்ணிக்கை, விருப்பு வெறுப்பு ஆகிய அனைத்திற்கும் சொற்கள் கிடைக்கின்றன.

உண்ணத் தொடங்குமுன் 'இத்தாதாகிமாஸ்' என்பர். 'பணிவுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்பது அதன் பொருள். உணவுக்கு முன் நன்றி கூறும் வழக்கமுள்ள நம் குடும்பங்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

உணவுக் குச்சிகள் இன்னும் ஆழமான பாடம் புகட்டுகின்றன. குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைக்கலாகாது. ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றலாகாது. காரணம் என்ன? இறந்தோர்க்குப் படைக்கும் சோற்றில்தான் குச்சியை நட்டு வைப்பர். உடலை எரித்த பின் உறவினர் எலும்புகளைக் குச்சிகளால் எடுத்து, ஒருவரிடமிருந்து மற்றவர் வாங்கித் தாழியில் இடுவர். இதனை அறிந்த பிள்ளை அப்பிழையைப் பின்னர் ஒருபோதும் செய்யமாட்டான். 'செய்யாதே' என்னும் எதிர்மறை ஏவலையும் அவன் மறவான். அம்மக்கள் தம் இறந்தோரை எவ்வளவு மதிக்கின்றனர் என்பதையும் மறவான்.

எண்ணும் சொல், உடுத்தும் சொல்

ஜப்பானிய மொழியில் எண்ணுவதற்கு எண் மட்டும் போதாது; பொருளின் வடிவத்தையும் நோக்க வேண்டும். பென்சில், குடை, புட்டி போன்ற நீண்ட பொருள்களை 'இப்போன், நிஹோன், சன்போன்' என எண்ணுவர். தாள், தட்டு, துணி போன்ற தட்டையானவற்றை 'இச்சிமாய், நிமாய், சன்மாய்' என்பர். நூல்களுக்கு ஒரு முறை, விலங்குகளுக்கு வேறு, மனிதர்க்கு இன்னும் வேறு. பட்டியலாகக் கற்றால் இது தலைவலி. பென்சில்களையும் தாள்களையும் மேசைமீது குவித்து எண்ணச் சொன்னால் விளையாட்டு.

உடுத்துவதும் அவ்வாறே. சட்டையை அணிய 'கிரு', தொப்பிக்குக் 'கபுரு', காற்சட்டைக்கும் காலணிக்கும் 'ஹக்கு', மூக்குக் கண்ணாடிக்குக் 'கக்கேரு'. ஒரே சொல்லால் அனைத்தையும் கூறிப் பழகிய ஆங்கிலப் பிள்ளை திகைக்கிறான். பூவைச் சூடி, வேட்டியைக் கட்டி, பொட்டை இட்டு, சட்டையை அணியும் தமிழ்ப் பிள்ளை திகைக்கமாட்டான்.

காலணி இன்னொரு செய்தியையும் சொல்கின்றது. ஜப்பானிய வீட்டின் வாயிலில் காலணியைக் கழற்றிவிட்டு, ஒரு படி உயர்ந்த தரையில் ஏற வேண்டும். அதனால்தான் விருந்தினரை அவர்கள் 'ஏறி வாருங்கள்' என்று அழைக்கின்றனர். அந்தப் படியை அறியாதவனுக்கு அவ்வழைப்பு விந்தையாக ஒலிக்கும். அறிந்தவனுக்கு வீட்டின் கதவே திறந்தாற்போலிருக்கும்.

காசும் கந்தையும்

ஐந்து யென் காசு நடுவில் துளையுடையது. அதில் நெற்கதிரும், நீரும், பற்சக்கரமும் பொறிக்கப்பட்டுள்ளன. உழவு, மீன்பிடிப்பு, தொழில் ஆகியவற்றை அவை குறிக்கும். இன்று வழங்கும் ஜப்பானியக் காசுகளுள் இதில் மட்டுமே மதிப்பைக் குறிக்க நாம் வழங்கும் எண் இலக்கம் இல்லை. ஜப்பானிய எழுத்தில்தான் உள்ளது. ஆகவே இக்காசைப் படிக்கத் தெரிந்த மாணவன் தன் முதல் எழுத்துப் பாடத்தை முடித்து விட்டான். 'கோ-என்' என்பது ஐந்து யென். அதே ஒலியுடைய வேறொரு சொல்லுக்கு 'நல்ல உறவு' என்று பொருள். ஆகவே வழிபாட்டிடங்களின் காணிக்கைப் பெட்டியில் இக்காசை இடுவதை மக்கள் விரும்புகின்றனர்.

'ஸோகின்' என்பது தரை துடைக்கும் துணி. பழந்துண்டை மடித்துத் தைத்தால் அதுவே ஸோகின். ஜப்பானியப் பள்ளிகளில் மாணவரே நாள்தோறும் வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் துடைக்கின்றனர். 2022-இல் கத்தார் நாட்டில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில், ஆட்டம் முடிந்தபின் ஜப்பானியப் பார்வையாளர் அரங்கைத் துப்புரவு செய்ததைக் கண்டு உலகம் வியந்தது. அதன் வேர் இக்கந்தைத் துணியில் இருக்கிறது. ஆஸ்திரேலிய வகுப்பறையில் அதே துணியைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, ஜப்பானிய மொழியில் ஏவி, மேசைகளைத் துடைக்கச் செய்யலாம். பத்து நிமிடத்தில் பாடமும் முடியும், அறையும் தூய்மையாகும்.

பொத்தானும் பாணும்

சட்டைப் பொத்தானைக் காட்டி ஜப்பானியரிடம் பெயர் கேட்டால் 'பொத்தான்' என்றே விடை வரும். ரொட்டியை அவர்கள் 'பான்' என்பர்; ஈழத் தமிழர் 'பாண்' என்பர். இரண்டும் போர்த்துக்கீசியச் சொற்கள். ஒரே கப்பல் வழியில் நம் கரைக்கும் அவர்கள் கரைக்கும் சென்றவை. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய புனித பிரான்சிஸ் சவேரியார், 1549 ஆகஸ்டு 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார் என்பதை நாம் அறிவோம். அவர் வழிவந்த இயேசு சபையார் 1603-இல் நாகசாகியில் ஜப்பானிய-போர்த்துக்கீசிய அகராதி ஒன்றை அச்சிட்டனர். ஏறத்தாழ 32,000 சொற்களைக் கொண்ட அந்நூல், அக்கால மக்கள் சொற்களை எவ்வாறு ஒலித்தனர் என்பதை அறிய இன்றும் அறிஞர்க்குத் துணைபுரிகின்றது. நாள்தோறும் மக்கள் நாவில் வழங்கிய சொற்களை அவர்கள் பொறுமையுடன் கேட்டுத் தொகுத்ததே அதற்குக் காரணம்.

காட்சிப் பொருளாகி விடலாகாது

இம்முறையில் இடர்களும் உண்டு. முதலாவது, அழகிய விசிறி, பட்டாடை, போர்வாள் ஆகியவற்றை மட்டும் காட்டி அதுவே ஜப்பான் என்று நம்ப வைப்பது. பாம்பாட்டியையும் யானையையும் காட்டி இதுதான் தமிழகம் என்று எவரேனும் கற்பித்தால் நாம் வருந்தமாட்டோமா? ஆகவேதான் விழாப் பொருளைவிட அன்றாடப் பொருள் சிறந்தது. அது பிறரைப் பொம்மையாக்காமல் அண்டை வீட்டாராக்குகின்றது.

இரண்டாவது, ஒரு பொருளைக் கொண்டு ஒரு நாடு முழுவதையும் அளப்பது. புத்தாண்டுக்குச் செய்யும் 'மொச்சி' என்னும் அரிசிப் பண்டம் தோக்கியோப் பகுதியில் சதுரமாகவும், ஒசாக்காப் பகுதியில் வட்டமாகவும் இருக்கும். 'ஜப்பானியர் அனைவரும் இப்படித்தான்' என்று கூறும் ஆசிரியரை அப்பண்டமே மறுத்து நிற்கும்.

மூன்றாவது, பொருளைக் காட்டிவிட்டு அதுபற்றிய விளக்கம் முழுவதையும் ஆங்கிலத்திலேயே கூறி முடிப்பது. அது கண்காட்சி, மொழிப் பாடமன்று. ஒவ்வொரு பொருளும் மாணவன் வாயிலிருந்து ஒரு வாக்கியத்தையாவது வெளிக்கொணர வேண்டும். இது என்ன? எதனால் ஆனது? யார், எப்போது பயன்படுத்துவர்? இக்கேள்விகள் எளியவை, ஆனால் மொழியின் பெரும்பகுதி இவற்றுள் அடங்கும்.

இறுதியாக ஒரு கேள்வி உண்டு. 'உங்கள் வீட்டில் இதற்கு இணையான பொருள் எது?' ஆஸ்திரேலிய வகுப்பறைகளில் கிரேக்க, இத்தாலிய, வியட்நாமிய, தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். பெந்தோவுக்கு எதிரே தமிழ்ப் பிள்ளை அடுக்குப் பாத்திரத்தைக் கொண்டு வந்து வைக்கலாம். ஃபுரோஷிகிக்கு எதிரே பாட்டி கட்டிய துணி மூட்டையை வைக்கலாம். அதன் பெயரைப் பெற்றோரிடமும் பாட்டியிடமும் கேட்டறிந்தாக வேண்டும். அவ்வாறு, ஜப்பானிய மொழி வகுப்பில் தமிழ்ச் சொல் ஒன்று காப்பாற்றப்படும். பிறர் மொழியை மதிக்கக் கற்ற பிள்ளை தன் மொழியையும் மதிப்பான்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

நம் பிள்ளைகளும் இந்தியோ, பிரெஞ்சோ, ஜெர்மனோ, ஜப்பானிய மொழியோ கற்கின்றனர். 'எத்தனை மதிப்பெண்?' என்று கேட்பதோடு நாம் நின்று விடுகிறோம். 'அம்மக்கள் எதில் உண்கின்றனர்? விருந்தினரை எப்படி அழைக்கின்றனர்? இறந்தோரை எவ்வாறு நினைவுகூர்கின்றனர்?' என்றும் கேட்டுப் பாருங்கள். விடை தெரியாவிடில் தேடிக் காணத் தூண்டுங்கள். பிள்ளை கற்பது உயிருள்ள மொழியா, வெறும் மதிப்பெண்ணா என்பது அப்போது புலப்படும்.

கௌரா நகரில் போரிட்டவர்களுக்கு ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. ஒருவர் வீட்டுச் சோற்றுப் பெட்டியை மற்றவர் கண்டதில்லை. அவ்வூர்ப் பிள்ளைகளோ அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஜப்பானிய வீடுகளின் வாயிலில் காலணியைக் கழற்றி, 'ஏறி வாருங்கள்' என்னும் அழைப்பைக் கேட்டு உள்ளே சென்றிருக்கின்றனர். ஒரே பானையின் சோற்றை உண்டவர்கள் ஒருவரையொருவர் பகைவரென எண்ணுவது அரிது.